சாக்கு நிரம்பிய பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் பிளாஸ்டிக் அள்ளும் தன்னார்வலர்களின் படங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அந்த உழைப்பின் மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் செய்தி எப்போதும் மூட்டை கட்டியதோடு முடிந்துவிடுகிறது. அந்த மூட்டை அடுத்து எங்கே போனது, அதில் எவ்வளவு மறுபடி பயன்பட்டது, எவ்வளவு குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற விவரம் வருவதே இல்லை. உலகின் பல மூலைகளில் இந்த வேலையில் இறங்கியவர்களின் அனுபவத்தைப் பார்த்தால், அள்ளுவதைவிட அள்ளியதை என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறியிருக்கிறார்கள். முதல் மூட்டையைத் தூக்கும் முன்பே அது போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்தவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

1950இல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் பிளாஸ்டிக் உற்பத்தியானது. 2019இல் அது சுமார் 46 கோடி டன். 2015 வரை குப்பையான பிளாஸ்டிக் முழுவதையும் கணக்கிட்ட ஆய்வாளர்கள், மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம் என்றார்கள். மீதி 79 சதவீதம் குப்பைக் கிடங்குகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

கடலிலிருந்தே தொடங்கலாம். நெதர்லாந்தின் போயான் ஸ்லாட் 2013இல் தொடங்கிய 'தி ஓஷன் கிளீனப்' அமைப்பு, 2018 செப்டம்பரில் 600 மீட்டர் நீள மிதவைக் குழாய் ஒன்றைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, பசிபிக் கடலில் குப்பை சேர்ந்து மிதக்கும் பரப்புக்கு இழுத்துச் சென்றது. குழாயின் அடியில் 3 மீட்டர் ஆழத்துக்குத் திரை. காற்றும் அலையும் தள்ள, அது பிளாஸ்டிக்கைவிட வேகமாக நகர்ந்து குப்பையைத் தன் வளைவுக்குள் சேர்க்கும் என்பது கணக்கு. நடந்தது வேறு. குழாய் பல நேரம் பிளாஸ்டிக்கைவிட மெதுவாகவே நகர்ந்தது. உள்ளே வந்த குப்பை வந்த வழியே வெளியேறியது. டிசம்பர் இறுதியில் ஓயாத அலையசைவில் குழாயில் விரிசல் விழுந்து, 18 மீட்டர் நீளத் துண்டு ஒன்று தனியே கழன்றுகொண்டது. மறு ஆண்டு தத்துவத்தையே திருப்பிப் போட்டார்கள். பாராசூட் போன்ற கடல் நங்கூரத்தைக் கட்டி மிதவைக் குழாயை வேண்டுமென்றே மெதுவாக்கி, பிளாஸ்டிக் வந்து அதில் மோதும்படி செய்தார்கள். அப்போதுதான் குப்பை தங்கியது. 2021 முதல் இரண்டு கப்பல்கள் இருபுறமும் இழுக்கும் முறைக்கு மாறினார்கள். பிளாஸ்டிக்குக்கும் தடுப்புக்கும் இடையே வேக வித்தியாசம் எப்போதும் ஒரே திசையில் இருந்தால்தான் பிடிபடும். இந்தச் சின்ன இயற்பியலைக் கடல் கற்றுக்கொடுத்த விதம் அது. தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதால்தான் மற்றவர்களும் அதிலிருந்து பாடம் எடுக்க முடிந்தது.

அந்தப் பசிபிக் குப்பைப் பரப்பில் மிதப்பதன் எடையில் ஏறத்தாழ பாதி மீன்பிடி வலைகள். 2018இல் வெளியான ஆய்வு 46 சதவீதம் என்கிறது. பாட்டில்களையும் உறிஞ்சுகுழல்களையும் மட்டுமே பேசுவோர் இந்த எண்ணை மறக்கக் கூடாது. வலைக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. பல வலைகளை நெய்யப் பயன்படும் நைலான்-6 ஒரே ஒரு வகை மூலக்கூறை, கேப்ரோலாக்டத்தை, கோத்து உண்டாக்குவது. அதனால் அதை மறுபடி கேப்ரோலாக்டமாகவே பிரித்துப் புது நூல் செய்ய முடியும். ஸ்லோவேனியாவில் இதற்கென்றே ஆலை இயங்குகிறது. சிக்கல் என்னவென்றால், கரைக்கு வரும் வலை தனி நைலானாக வராது. ஓரக் கயிறு பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக், மிதவை வேறு பிளாஸ்டிக், அடியில் ஈயக் குண்டு. இவற்றை அறுத்து நீக்காமல் அனுப்பினால் ஆலை வாங்காது. கரையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை உண்டு. ஒரு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைக் கலக்குங்கள். விரல் நீள நூலை அதில் நன்றாகக் கசக்கி நனைத்துவிட்டு விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை, மிதக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலானின் அடர்த்தி 1.14 அளவில், மூழ்கும். சோப்பு எதற்கு என்றால், நூலிழைகளுக்கு இடையே காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நைலானும் மிதந்து ஏமாற்றிவிடும்.

கடலுக்குப் போனதைத் தேடுவதைவிட ஆற்றிலேயே மறிப்பது பல மடங்கு எளிது. உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துச் சொச்சம் ஆறுகளின் வழியாகப் போகிறது என்று 2021 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நகரங்களுக்குள் ஓடும் சிறிய ஆறுகள். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில், ஜோன்ஸ் ஃபால்ஸ் ஆறு கலக்கும் இடத்தில் 2014 முதல் ஒரு நீர்ச்சக்கரம் சுழல்கிறது. ஆற்றோட்டம் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் சாய்வான ஓடுபட்டையை இழுக்க, மிதவைகள் ஒதுக்கித் தரும் குப்பை மேலேறித் தொட்டியில் விழுகிறது. ஓட்டம் குறைந்த நாளில் சூரியத் தகடுகளில் ஓடும் பம்பு சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றும். ஆம்ஸ்டர்டாமில் 2019 முதல் கால்வாய் அடித்தளத்தில் துளையிட்ட குழாயைக் குறுக்கே சாய்வாகப் பதித்து, அதிலிருந்து எழும் காற்றுக்குமிழிகளின் திரையால் குப்பையை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். படகும் மீனும் தடையின்றிப் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் வசதியில்லாத இடங்களில் கைக்கு எட்டுவது மிதவைத் தடுப்புதான். அதைப் போடுவோர் செய்யும் முதல் பிழை, ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டுவது. அப்படிக் கட்டினால் ஓட்டம் குப்பையைத் தடுப்பின் மீது அழுத்தி, தடுப்பின் கீழே தொங்கும் திரைக்கு அடியில் நழுவ விட்டுவிடும். ஓட்டத்தின் திசைக்கு 30 டிகிரி சாய்வாகக் கட்டினால், நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ஆற்றில் தடுப்பைச் செங்குத்தாக அழுத்தும் வேகம் அரை மீட்டராகக் குறைகிறது. குப்பையும் தடுப்பை ஒட்டியே சறுக்கி ஒரு கரைக்கு வந்து ஒதுங்கும். அள்ளுவதும் அங்கே சுலபம். எனவே எந்தக் கரைக்கு வண்டி வர முடியுமோ, அந்தக் கரையை நோக்கிச் சாய்க்க வேண்டும். திரை ஆற்றின் அடித்தளத்தை நெருங்கக் கூடாது. நெருங்கினால் தடுப்பு அணையாகிவிடும், கீழே மண் அரிக்கும்.

இரண்டாவது பிழை நங்கூரத்தில். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தடுப்பை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். கோடைக்காலத்தில் நின்று பார்த்து முடிவு செய்த கட்டு, முதல் வெள்ளத்திலேயே போய்விடுவது இதனால்தான். குவாத்தமாலாவின் லாஸ் வாகாஸ் ஆற்றில் 2022இல் நிறுத்திய இரும்பு வேலி, ஒரே வெள்ளத்தில் வந்த குப்பை மலையைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் அடித்தளத்தைச் சுற்றி மண் அரித்ததால் தாக்குப்பிடிக்கவில்லை. மறு ஆண்டு வேலியை விட்டுவிட்டு, வளைந்து கொடுக்கும் மிதவைத் தடுப்புகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் ஒரு முனையில் மட்டும் வேண்டுமென்றே பலம் குறைந்த இணைப்பு ஒன்றை வைப்பார்கள். வெள்ளம் மிஞ்சினால் அந்த இணைப்பு அறுந்து, தடுப்பு மறுகரையோடு ஒதுங்கிக்கொள்ளும். பொருள் தப்பும், பாலத்தில் போய் மோதவும் மோதாது.

மூன்றாவது, தடுப்பில் சேர்வதில் எடையில் பெரும்பகுதி ஆகாயத்தாமரையாகவும் மரக்கிளையாகவும் இருக்கலாம். ஈரத்தோடு எடை போட்டு "இத்தனை டன் பிளாஸ்டிக் அகற்றினோம்" என்று அறிவிப்பது தவறு. செடியைப் பிரித்து, பிளாஸ்டிக்கை ஒரு நாளாவது காயவைத்து எடை போட வேண்டும். நாள்தோறும் அள்ள ஆள் இல்லாவிட்டால் தடுப்பைப் போடாமல் இருப்பதே மேல். தேங்கிய குப்பை முழுவதும் ஒரே மழையில் மொத்தமாகக் கடலுக்குப் போய்விடும்.

கடற்கரைக்கு வருவோம். மும்பை வெர்சோவாவில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் தொடங்கிய பணி, வாரம் தவறாமல் ஆண்டுக்கணக்கில் நடந்ததால்தான் அந்தக் கரை மாறியது. ஒரு நாள் திருவிழாவாக நடப்பது அடுத்த பௌர்ணமி ஓதத்தோடு அழிந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பொறுக்குவது போதாது. 2021 மே மாதம் கொழும்பு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. ஒவ்வொன்றும் பருப்பளவு. இலங்கையின் கரைகளில் மக்கள் மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்து எடுத்தார்கள். காய்ந்த மணலை மட்டுமே சலிக்க முடியும், ஈரமணல் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். தீயில் உருகிக் கருகிய கட்டிகள் கல்லைப்போல் இருந்ததால் அவற்றைப் பிரிப்பது இன்னும் கடினமாக இருந்தது.

தங்கள் கரையில் நுண்பிளாஸ்டிக் எவ்வளவு என்று அறிய விரும்பும் பள்ளிகளுக்கு ஒரு முறை சொல்கிறோம். ஓதம் கடைசியாக ஏறிய கோட்டில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம் அமைத்து, மேல் 5 சென்டிமீட்டர் மணலை எடுங்கள். 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பெரியதை நீக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் உப்பைக் கரைத்தால் அடர்த்தி 1.2 அளவுக்கு வரும். அதில் மணலைப் போட்டுக் கிளறி, தெளியவிட்டு, மிதப்பதை மெல்லிய துணியில் வடியுங்கள். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் என்னும் பிளாஸ்டிக்கும், குழாய் செய்யும் பி.வி.சி.யும் மூழ்கிவிடும் என்பதால் இந்த எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். அதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். பத்து இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். செயற்கை இழை ஆடை உடுத்தி வேலை செய்தால் உங்கள் ஆடையின் இழையையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பருத்தி உடுத்துங்கள், பிளாஸ்டிக் வாளிக்குப் பதில் எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள்.

இனி மூட்டைக்குள் இருப்பது. 'பிளாஸ்டிக்' என்று ஒரு பொருள் கிடையாது. ஒன்றோடொன்று சேராத பல பொருள்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. பாலிஎத்திலீனையும் பாலிப்ரொப்பிலீனையும் சேர்த்து உருக்கினால் கலந்ததுபோல் தெரியும். ஆறியபின் வளைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். பெட் பாட்டில் அரவையில் பி.வி.சி. சேர்ந்தால் இன்னும் மோசம். பெட் உருக 260 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். அதற்கு வெகு முன்பே பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். டன்னுக்கு 100 கிராம் பி.வி.சி. இருந்தாலே பெட் பழுப்பேறி வீணாகும், இயந்திரமும் துருப்பிடிக்கும். இரண்டும் தண்ணீரில் மூழ்குவதால் தொட்டியில் போட்டுப் பிரிக்கவும் முடியாது. கையாலோ ஒளிக்கருவியாலோதான் பிரிக்க வேண்டும். மூடியும் வளையமும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் என்பதால் அவை அரைத்தபின் தொட்டியில் தானாக மிதந்து பிரிந்துவிடும். பாட்டிலை மூடியோடு கொடுங்கள் என்று மறுசுழற்சியாளர்கள் கேட்பதன் காரணம் இதுதான்.

ஈரம் இன்னொரு எதிரி. கழுவிய பெட் துண்டுகளை 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.005 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே உருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருகும்போது தண்ணீர் மூலக்கூற்றுச் சங்கிலியை வெட்டி, பாட்டிலுக்கு உதவாத பலமற்ற பொருளாக்கிவிடும். கறுப்புத் தட்டுகளும் பெட்டிகளும் பல ஆலைகளில் கண்ணுக்கே படாமல் போகின்றன. நிறத்துக்குச் சேர்த்த கரித்தூள், வகை பிரிக்கும் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் கருவிக்கு அந்த இடம் வெற்றிடம். வாங்குவோர் கறுப்பைத் தவிர்த்தாலே உற்பத்தியாளர் மாற்றுவார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய சிறு பாக்கெட்டுகளுக்கு இன்றுவரை கட்டுப்படியாகும் மறுசுழற்சி இல்லை என்பதே எங்கள் கணிப்பு. கடலில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் புதுப் பாட்டிலாகாது. புற ஊதாக் கதிர் அதை ஏற்கெனவே நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கும்.

தரம் குறைந்ததற்கும் வழி தேடியவர்கள் உண்டு. கென்யாவில் நசாம்பி மாடீ, பிளாஸ்டிக்கையும் மணலையும் சூடாக்கி அழுத்தித் தரைக்கற்கள் செய்து, 2020இல் ஐ.நா.வின் இளம் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் வகுத்த சாலை முறையில், 160 - 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மீது முதலில் பிளாஸ்டிக் துகளைத் தூவிப் படலம் போல் பூசவிட்டு, அதன் பிறகு தார் கலக்கிறார்கள். வரிசை மாறக் கூடாது. ஜல்லியின் நுண்துளைகளைப் படலம் மூடுவதால்தான் தண்ணீர் இறங்காது. இதிலும் பி.வி.சி. அறவே கூடாது. நெதர்லாந்தின் டேவ் ஹேக்கன்ஸ் 2013இல் தொடங்கிய 'பிரெஷஸ் பிளாஸ்டிக்' திட்டம், துண்டாக்கும் இயந்திரம் முதல் அச்சு அழுத்தும் இயந்திரம் வரை வரைபடங்களை யாரும் இலவசமாகப் பெற்றுச் செய்துகொள்ளும்படி வெளியிட்டது. அதைப் பார்த்து ஆர்வத்தில் தொடங்குவோருக்கு ஒரு வார்த்தை: இயந்திரம் செய்ய ஆகும் காலத்தைவிட, ஒரே வகைப் பிளாஸ்டிக் தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்வதற்கே கூடுதல் காலம் பிடிக்கும். மூடிய அறையில் எதையும் உருக்க வேண்டாம்.

பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் அறிவித்த உயிரி உண்மைதான். பிரான்சின் கார்பியோஸ் நிறுவனத்தார் 2020இல் வெளியிட்ட நொதி, 10 மணி நேரத்தில் பெட்டின் 90 சதவீதத்தைச் சிதைத்தது. ஆனால் இரண்டும் பெட்டுக்கு மட்டும். அதையும் முதலில் உருக்கி, வேகமாகக் குளிரவைத்து, பொடியாக்கித் தர வேண்டும். கடலில் தூவி விடும் மருந்தாக இதை யாரும் எண்ண வேண்டாம்.

மூட்டையே உருவாகாமல் தடுத்த நாடுகளின் கதை எங்களுக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது. நார்வேயில் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். அதோடு உற்பத்தியாளர் மீதான சுற்றுச்சூழல் வரி, பாட்டில் திரும்பும் விகிதம் ஏற ஏறக் குறைந்து, 95 சதவீதத்தைத் தொட்டால் பூஜ்யமாகிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே நேரத்தில் லாபம். ஜெர்மனி 2003 முதல் ஒருமுறைப் பாட்டிலுக்கு 25 சென்ட் பிடிக்கிறது. லிதுவேனியா 2016இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டியது. முன்பணம் மிகச் சிறியதாக இருந்தாலோ, திருப்பிக் கொடுக்கும் இடம் வாங்கிய இடத்திலிருந்து தொலைவில் இருந்தாலோ இத்திட்டம் படுத்துவிடும்.

தடைச் சட்டங்களிலும் நுணுக்கம் உண்டு. வடிகால்களை அடைத்து வெள்ளத்தை மோசமாக்கியதால் வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலித்தீன் பையைத் தடை செய்த முதல் நாடானது. மாற்றுப் பை மலிவாகக் கிடைக்காத இடங்களில் தடை செய்த பை மறுபடி தலைகாட்டியது. கென்யா 2017 ஆகஸ்டில் கடுமையான தண்டனையோடு தடை கொண்டுவந்தது. உடனே துணி போலத் தோன்றும் நெய்யாத பைகள் சந்தையை நிறைத்தன. அவையும் பாலிப்ரொப்பிலீன்தான். தரமற்றவை சில நாளிலேயே கிழிந்து குப்பையானதால், 2019இல் அவற்றுக்கும் தடை அறிவிக்கப்பட்டது. அயர்லாந்து தடை செய்யாமல் 2002இல் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பை பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. பின்னர் மெல்ல ஏறத் தொடங்கியதும், 2007இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். ஒருமுறை போட்டு மறந்துவிடும் வரி காலப்போக்கில் வலுவிழக்கும்.

இந்த வேலையில் பாதியை உலகெங்கும் சுமப்பவர்கள் குப்பை பொறுக்குவோர். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் வந்த திட்டங்கள் அவர்கள் பிழைப்பையும் கெடுத்து, தாங்களும் கெட்டன. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2013 முதல், அவர்கள் கொண்டுவரும் பொருளை எடை போட்டு, விற்ற விலைக்கு மேல் பொதுச் சேவைக் கட்டணமாகவும் பணம் கொடுக்கிறது. ஒரு நீதிமன்றப் போராட்டத்தில் அவர்கள் வென்றெடுத்த உரிமை அது.

உலக ஒப்பந்தம் ஒன்றுக்காக 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் உறுதி பூண்டன. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சு உடன்பாடின்றிக் கலைந்தது. உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்போருக்கும், குப்பையை மட்டும் சமாளித்தால் போதும் என்போருக்கும் இடையில் முடிச்சு விழுந்திருக்கிறது. 46 கோடி டன்னைச் சல்லடை வைத்துச் சலிக்க முடியாது என்பதால், நாங்கள் முதல் தரப்பின் பக்கம் நிற்கிறோம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தூய்மைப் பணிச் செய்தி வெளியிடும்போது நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: எத்தனை மீட்டர் நீளக் கரை, காயவைத்த பின் எத்தனை கிலோ, எந்த வகை எவ்வளவு, அவற்றை வாங்கிக்கொண்டவர் யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அந்த மூட்டைகளை ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் போய்ப் பார்க்கும்படி தங்கள் நிருபரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கழிவு மறுசுழற்சித் துறையில் பணியாற்றும் வாசகர்கள்